தாங்கிக்கொள்ளத் தெரிந்தவள்

போன வாரம் கேஷியரைக் குளியலறையில், தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பல் தந்தியடிக்க நிற்கிற நிலையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வாரம் முழுக்க எனக்கே மனசு கேட்கவில்லை. முதலில் அவளுக்கு ஒரு துண்டைக் கொடுத்து வெளியே அழைத்து வந்துவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கேஷியர் இப்போது கேஷியர் இல்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பிறர் பணத்தை எண்ணியவள். கிளையை மூடிவிட்டார்கள். வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பின்னறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு பங்கு வாங்கி விற்க ஆரம்பித்தாள்.

புருஷன் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஐஸ்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

மூன்றாவது ஆள் நாத்தனார். ஐஸ்காரரின் அக்கா. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கார், ஒரு போர்டு, ஒரு வாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது தப்பாக ஏதாவது செய்தாலும் அவள் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். இரண்டாவது கார் வாங்கச் சேர்த்த பணத்தைத்தான் தம்பி மனைவியை நம்பிக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பணத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வீட்டின் தலைவலி.

பங்கு வாங்கும்போதே, விலை இதற்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று ஒரு கோடு போட்டுவைப்பார்கள். ஸ்டாப் லாஸ் என்பது அதுதான். நஷ்டம் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். நாமே மவுஸால் கோட்டைப் பிடித்துக் கீழே இழுக்காத வரைக்கும். கேஷியர் இழுத்தாள். பயத்தில் கை நடுங்க நடுங்க, இதோ ஏறிவிடும், இதோ ஏறிவிடும் என்று கோட்டைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். அன்று சாயந்திரம் நாத்தனார் கணக்குப் பார்த்துவிட்டு, "நாலு சக்கரமும் ஒரு கதவும் போச்சு" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேச ஆரம்பித்தபோது நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். எனக்கு லாபம் வேண்டாம். கோட்டை ஒரே ஒரு தடவை நகர்த்தினாலும் சரி, மறுநாள் கணக்கை மூடி மிச்சப் பணத்தை என் கையில குடுத்துடு. அப்புறம் அந்தப் பின்ரூம்ல நான் ஸ்பேர் டயரைப் போட்டுக்கறேன்."

கேஷியருக்கு அந்த அறைதான் எல்லாம். வேலை போனபின், நான் இன்னும் ஒன்றுக்கும் ஆகாதவள் ஆகிவிடவில்லை என்று அவள் தினமும் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம் அது. அதில் டயர் உருள விடக் கூடாது.

அதனால்தான் ஐஸ் தண்ணீர். ஏதோ ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் ஐஸ் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு, உடம்பை அடக்கினவனைச் சந்தை அசைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாடாய்ப் பட்டது இந்த வீடு. விடிந்தும் விடியாததுமாகக் குளிர்ந்த தண்ணீரில் குளியல். அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் தொடை எரிய உட்கார்ந்திருப்பது. அப்புறம் ஐஸ் கட்டியைக் கையில் மூடிக்கொண்டு அது கரையும்வரை முகத்தைச் சுளிக்காமல் இருப்பது.

"வேலை முடிஞ்சு குளிருக்குப் பயந்து நான் வீட்டுக்கு ஓடிவரேன். நீ வீட்டுல உக்காந்து குளிரைக் கூப்பிடறே" என்று ஐஸ்காரர் சிரித்தார்.

"பிரிட்ஜ்ல ஒரு ஐஸ் கட்டி இல்ல. ஜூஸ் குடிக்கணும்னா இவ கையைப் பிழிஞ்சாத்தான் உண்டு" என்றாள் நாத்தனார்.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. முன்பெல்லாம் விலை சரிந்தால் விரல் தானாக மவுஸுக்கு ஓடும். இப்போது ஆசைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி வந்திருந்தது. அந்த மாதம் முழுக்க கோடு கோடாகவே இருந்தது. இன்று ஒருநாள் தாண்டிவிட்டால் போதும். இன்றுதான் மாதக் கடைசி.

மாதக் கடைசி என்றால் கிடங்கிலும் சரக்கு எண்ண வேண்டும். ஆள் பற்றவில்லை, தப்பில்லாமல் எண்ணுகிற கை வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, ஐஸ்காரர் யோசிப்பதற்குள் கேஷியர் சரி என்றுவிட்டாள். குளியலறை எங்கே, உறைபனி அறை எங்கே. மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து சந்தையைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கிடங்கு வாசலில் ஐஸ்காரர் தன் கையாலேயே அவளுக்குக் கனத்த குளிர் உடுப்பை மாட்டிவிட்டு, தலைக்குல்லாவைக் காது மூடும்படி இழுத்துவிட்டார்.

"உள்ள ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். மணி அடிச்சா கையில எந்தப் பெட்டி இருந்தாலும் அப்படியே வச்சுட்டு வெளிய வந்துடணும். எண்ணினது பாதியில நின்னாலும் பரவாயில்ல."

"தெரியும். நேத்தே சொல்லிட்டீங்க."

"நேத்து சொன்னது வீட்டுல. இங்க மறுபடியும் சொல்லணும்."

பிளாஸ்டிக் பட்டைகளால் ஆன திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூட, பெட்டி அடுக்கும் பெண் ஒருத்தி. கூரைவரை மீன் பெட்டிகள், பட்டாணி மூட்டைகள், ஐஸ்கிரீம் டப்பாக்கள். முதலில் குளிர் மூக்கைக் கடித்தது. பிறகு கண் இமையில் ஏறி உட்கார்ந்தது. பிறகு கையுறைக்குள் புகுந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கிள்ளியது. கேஷியர் முகத்தைச் சுளிக்காமல் எண்ணினாள்.

மணி அடித்தது.

"வாங்கக்கா" என்றாள் கூட இருந்தவள்.

"நீ போ. இந்த வரிசை முடியப் போகுது, வந்துடறேன்."

அந்தப் பெண் தயங்கினாள், சூப்பர்வைசர் சம்சாரத்தை எப்படி அதட்டுவது என்று தெரியாமல் வெளியே போய்விட்டாள்.

தனியாக நின்றபோது கேஷியருக்கு ஒரு அதிசயம் நடந்தது. விரல் வலி நின்றுவிட்டது. மூக்கில் எரிச்சல் இல்லை. மார்புக்குள் ஏதோ கதகதப்பாகக்கூட இருந்தது. இத்தனை நாள் பாடுபட்டது இதற்குத்தானே என்று நினைத்தாள். வந்துவிட்டேன், இனி என்னை எதுவும் அசைக்க முடியாது. அந்த வரிசை முடிந்தும் அவள் அடுத்த வரிசையை எண்ண ஆரம்பித்தாள்.

திரை படாரென்று விலகியது. கையுறைகூட மாட்டாமல் ஐஸ்காரர் வந்தார். உடுப்பின் முதுகைக் கொத்தாகப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"மணி காதுல விழுந்துச்சா இல்லையா?"

கிடங்கே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. கேஷியருக்கே தெரியாது.

"விழுந்துச்சு. எனக்குக் குளிரவே இல்லீங்க. இன்னும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் என்னால..."

"குளிரலைங்கறது சந்தோஷப்படற விஷயமா? உள்ள குளிர் எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்கு மட்டும் தெரியலைன்னா கோளாறு உன்கிட்ட. குளிரலைன்னு சொல்ற ஆளைத்தான் நாங்க முதல்ல வெளிய இழுப்போம்."

கையுறையைக் கழற்றினார். விரல் நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவள் கைகளை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தன் கையிலும் கையுறை இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கேஷியருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பத்துப் பேர் நடுவில் சத்தம் போட்டாரே என்பதுதான் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வரும்போது முகம் உர்ரென்று இருந்தது. தாங்கக் கற்றுக்கொண்டவளைப் பாராட்டாவிட்டாலும் போகிறது, திட்டாமலாவது இருக்கலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் நாத்தனாருக்குக் காலை வகுப்புகள் முடிந்திருந்தன. மத்தியானம் அவளுக்கு ஓய்வு. பின்னறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"கடைசி நாளாச்சே. எதையும் வாங்காமச் சும்மா இருந்துட்டுப் போயேன்."

"சும்மா இருந்து ஜெயிச்சா அது ஜெயிச்சதா அண்ணி? வண்டியை எடுக்காமலே லைசென்ஸ் குடுப்பீங்களா நீங்க?"

நாத்தனாருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "எதை வாங்கறே?"

"சிமென்ட் கம்பெனி. ரெண்டு நாளா கண்ணு வச்சிருக்கேன்."

வாங்கினாள். கோட்டைப் போட்டாள். நாத்தனார் திரையையே உற்றுப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் விலை நல்ல பிள்ளையாக ஏறியது. பிறகு நின்றது. பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல இறங்க ஆரம்பித்தது.

கேஷியர் தன் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. உள்ளங்கையில் வியர்வையில்லை. போன தடவை இதே இடத்தில் அவள் அழுதிருந்தாள். இப்போது ஏதோ அடுத்த வீட்டுக்காரர் பணம் போல உட்கார்ந்திருந்தாள். பெருமையாக இருந்தது.

விலை கோட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. முன்பெல்லாம் இந்த எண்ணம் கதறிக்கொண்டு வரும். இன்று நிதானமாக, பக்குவமாக, பெரிய மனுஷத்தனமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இந்தக் கோட்டைப் போட்டது பயந்தாங்கொள்ளியாக இருந்த பழைய கேஷியர். இப்போது இருப்பவளால் இன்னும் எவ்வளவோ தாங்க முடியும். தாங்க முடிகிறவள் எதற்கு இந்த விலையிலேயே விற்றுவிட்டு ஓட வேண்டும்? கொஞ்சம் கீழே தள்ளி வைத்தால் என்ன?

அவள் மவுஸைத் தொட்டாள். கோட்டின்மேல் அம்பு போய் நின்றது. கோடு நிறம் மாறி, இழுத்தால் வருகிறேன் என்று தயாராக நின்றது.

"எறங்குதா?" கதவுக்கருகே நாத்தனார் மறுபடி வந்து நின்றிருந்தாள். குரல் என்னவோபோல இருந்தது. "பார்த்தா உன் முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

"எறங்குது அண்ணி. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியல."

சொல்லிவிட்டுக் கேஷியர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

தன் வாயாலேயே சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். ஒண்ணுமே தெரியல. மணி அடித்தாயிற்று, கூட வந்தவள் வெளியே போயாயிற்று, இவள் மட்டும் உள்ளே நின்று அடுத்த வரிசையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் பயத்தில் கோட்டை நகர்த்தினாள். இன்று பயமில்லாததால் நகர்த்தப் பார்க்கிறாள். நகர்த்துவது நகர்த்துவதுதானே.

அடக் கடவுளே, என்று இருந்தது அவளுக்கு.

மவுஸை எடுத்து நாத்தனார் கையில் திணித்தாள்.

"இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க அண்ணி. நான் மாடிக்குப் போயிட்டு வரேன்."

"என்கிட்ட எதுக்கு? நான் இதை வச்சு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் வேலை."

துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். ஒரு தலையணை உறையைப் போட்டாள். அப்போதுதான் வந்தது எல்லாம். நெஞ்சு திடும்திடுமென்று அடித்துக்கொண்டது. கீழே இப்போது விலை எங்கே இருக்கும், கோட்டைத் தொட்டிருக்குமா, ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு துணிக்கும் ஒரு தடவை கால் படிக்கட்டுக்குத் திரும்பியது. காலையில் மரத்துப்போன விரல்நுனிகளில் இப்போது ஈரம் பட்டதும் ஊசி ஊசியாகக் குத்தியது. வலிக்கிறது என்பதில் அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

ஈரத் துணி தீர்ந்தது. ஏற்கெனவே காய்ந்து தொங்கியவற்றையும் எடுத்து மறுபடி ஒழுங்காகப் போட்டாள். வேறு வழியில்லை என்றதும் கீழே வந்தாள்.

நாத்தனார் மவுஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தானா வித்துடுச்சு. சத்தியமா நான் தொடவே இல்ல."

"தெரியும் அண்ணி."

கோட்டிலேயே விற்றிருந்தது. சின்ன நஷ்டம். நாத்தனார் கணக்கில் சொல்வதானால் ஒரு வைப்பர் போயிருக்கும். கேஷியர் புருஷனுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினாள்: வித்தாச்சு, கோட்டுலயே. நாத்தனார் மவுஸை மேஜையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்தைக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. உங்களை வெளியே அனுப்பிவிட்டு, படியிறங்கும் சத்தம் கேட்டதும் விருந்தை எடுத்துப் பரப்பும். கேஷியரின் கோட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அங்கேயே திரும்பி, விலை ஏறியது. அவள் வாங்கின இடத்துக்கு வந்தது. அதையும் தாண்டிப் போனது.

போன் அடித்தது. ஐஸ்காரர். பின்னணியில் கிடங்கு வண்டி பீப் பீப் என்று பின்னால் போகும் சத்தம்.

"என்னம்மா, ஏன் வித்தே? இங்க பசங்க போன்ல காட்டறாங்க, ஜிவ்வுன்னு மேல போயிடுச்சாம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா..."

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். காலையில நான் இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா செத்தா போயிருப்பேன்? அந்த வரிசையையும் முடிச்சிருப்பேன். எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?"

பீப் பீப் சத்தத்தை விட்டு அவர் தள்ளி நடந்து வருவது கேட்டது.

"இப்ப சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"காலையில சத்தம் போட்டதை?"

"அதை மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும். விரல் எப்படி இருக்கு?" என்றார்.

"வலிக்குது. குத்துது."

"வலிக்குதா? அப்பாடா" என்றார் ஐஸ்காரர். காலையிலிருந்து அவர் விட்ட முதல் முழு மூச்சு அதுதான் போலிருந்தது. காலையில் பிடித்த கோபம் கேஷியருக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆனால் விலை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது வாங்கினால்கூடக் கொஞ்சம் பிடித்துவிடலாம், போனதை மீட்டுவிடலாம் என்று விரல் துடித்தது. இதுதான் சரியான துடிப்பு, இதைத்தான் தாங்க வேண்டும் என்று இப்போது அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. எழுந்துபோய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடை எரிந்தது. வாங்கு வாங்கு என்று மனசு கத்தியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி அதுவாக அடங்கியது. கால் தாங்காதபோது வீம்பு பிடிக்காமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த அறையில் மட்டும் என்னவோ நடந்துகொண்டிருந்தது. தொம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொம். நாத்தனாரின் வலது கால் தரையை மிதிக்கிற சத்தம்.

கேஷியர் சுவரருகிலேயே நின்று காதைக் கொடுத்தாள். நஷ்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணி கோபத்தில் மிதிக்கிறாள். கோட்டை நகர்த்தவில்லைதான், ஆனால் விலை ஏறியதை அவளும் பார்த்திருப்பாள். என் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாளே என்று நினைத்திருப்பாள். சந்தை மூடியது. நாத்தனார் கதவைத் திறந்தாள், கேஷியர் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு சாயந்திர வகுப்புக்குப் போய்விட்டாள்.

கேஷியர் பின்னறையைப் பெருக்கினாள். துடைத்தாள். டயர் வருகிற அறை சுத்தமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அழுகை வந்தது. இருந்தாலும் துடைத்தாள்.

சாயந்திரம் ஐஸ்காரர் வந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோதே நாத்தனாரின் கார் வந்து நின்றது. உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோட்டை நகர்த்தலை" என்றாள் நாத்தனார்.

"இல்ல அண்ணி."

"ஏறினதுக்கப்புறம் மறுபடி வாங்கலை."

"வாங்கலை."

"அப்புறம் என்ன? பணம் உன்கிட்டயே இருக்கட்டும். டயரை நான் வேற எங்கயாவது போட்டுக்கறேன்."

கேஷியர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வருகிற அழுகைக்கு வெட்கமே இருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொங்கிப் பொங்கி அழுதாள். ஐஸ்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் டீயில் இன்னொரு தடவை சர்க்கரை போட்டார்.

"நஷ்டத்துல கோபமா இருக்கீங்கன்னு நினைச்சேன் அண்ணி. ரூம்ல அந்த மிதி மிதிச்சீங்களே."

நாத்தனார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். தம்பியைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்து, ஏதோ திருட்டுப் பொருளைத் தள்ளுவதுபோல கேஷியர் பக்கம் தள்ளினாள்.

"போன வாரம் என் ஸ்டூடன்ட் ஒருத்தன் இதுல கணக்கு திறந்து குடுத்தான். நீ மத்தியானம் சிமென்ட் வாங்கினப்ப நானும் போய் வாங்கிட்டேன்."

"அக்கா" என்றார் ஐஸ்காரர்.

"நீ சும்மா இரு. இவ செய்யறதுல என்ன அப்படிக் கஷ்டம்னு பார்க்கலாம்னு நினைச்சேன். வாங்கினேன், எறங்கிச்சு. விக்கலாம்னு பார்த்தா அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு தெரியல. இவகிட்ட வந்து கேக்கவும் மானம் போகுது. ரெண்டு தடவை கதவு வரைக்கும் வந்தேன். அதுக்குள்ள இவ மவுஸை வேற என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு உயிரே போயிடுச்சு. ரூமுக்குப் போய் மிதிக்கறேன், மிதிக்கறேன், நிக்கவே மாட்டேங்குது."

முதலில் சிரித்தது ஐஸ்காரர். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அழுதுகொண்டிருந்த கேஷியருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் முறைக்கப் பார்த்து, தோற்று, அவளும் சிரித்தாள். ஒரு மாதமாக அந்தச் சமையலறையில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

"சிரிச்சது போதும். இப்ப லாபத்துல நிக்குது, வித்துக் குடு."

"சந்தை மூடியாச்சே அண்ணி. இனிமே காலையிலதான்."

"காலையில எறங்கிப்போச்சுன்னா?"

"எறங்கினாலும் எறங்கும். அதனாலதான் இப்பவே கோடு போட்டு வைக்கணும். எந்த விலைக்குக் கீழ போனா விட்டுடலாம், சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் வாங்கினதுன்னா சொல்லுவேன். இது உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

நாத்தனார் போனையே வெகுநேரம் பார்த்தாள். கண்ணை மூடினாள், உதடு அசையக் கணக்குப் போட்டாள். கடைசியில் ஒரு விலையைச் சொன்னாள். நல்ல விலை, கேஷியரே போட்டிருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பாள். கேஷியர் அதைப் பதிந்தாள். இனி அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"கொஞ்சம் இரு" என்றாள் நாத்தனார்.

"என்ன அண்ணி?"

"இன்னும் கொஞ்சமே கொஞ்சம் கீழ வச்சுக்கலாமா?"

கேஷியர் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தார்.